கால் ஒட்டிக்கொள்ளும் அப்பாவுக்குத் தாளம் போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பார்க்கின்சன் என்று சொல்லி மூன்று வருடமாக லெவோடோபா மாத்திரை எடுக்கிறார். காம்பரா வாசலுக்கு வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. ஆனால் கோயில் பஜனையில் தாளம் கேட்டால் நன்றாகவே அடி வைக்கிறார். டொக்டர் தினமும் நடக்கச் சொல்கிறார். எங்கள் தோட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் ஏற்றமும் படியும்தான். பாட்டுப் போட்டு நடக்க வைக்கலாமா? (ஹட்டன் பக்கமிருந்து ஒரு மகள்)

பதில்: தாராளமாக. ஆனால் எந்தப் பாட்டு, என்ன வேகம், எந்த இடம் என்பதில்தான் காரியம் இருக்கிறது.

முதலில் ஒன்று. பஜனையில் நடக்கிற மனிதர் வாசலில் நின்றுவிட்டால், "வேணுமென்டே செய்றார்" என்று சொல்ல ஒரு சொந்தக்காரர் எப்படியும் வருவார். அவர் பேச்சை விடுங்கள். நாம் யோசிக்காமலே நடக்கிறோம் என்றால், மூளையின் ஆழத்தில் ஒரு பகுதி டோபமின் என்ற இரசாயனத்தின் துணையோடு அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. பார்க்கின்சனில் டோபமின் குறைவதால் "அடுத்த அடி" என்ற உத்தரவு உள்ளிருந்து ஒழுங்காக வருவதில்லை. காதில் விழும் தாளம் வேறு பாதையால் அந்த உத்தரவைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று கருதுகிறார்கள். தாளம் நடைக்கு உதவுவதை அமெரிக்காவில் மைக்கேல் தவுட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1996இல் பரிசோதித்துக் காட்டினார்கள்: தாளத்தோடு மூன்று வாரம் நடந்து பழகியவர்களின் நடை வேகமானது, அடியும் நீண்டது. பயிற்சியை விட்டால் பலனும் மெல்ல மெல்லப் போய்விடும்.

இனி வேகம். சமதரையில் அப்பாவை அவர் போக்கில் நடக்கவிட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணுங்கள். 90 என்று வைத்துக்கொள்வோம். அதுதான் அவருடைய தாளம். போனில் மெட்ரோனோம் (ஒரே சீராக டிக், டிக் என்று தாளம் போடுவது) என்ற இலவச ஆப் ஒன்றை இறக்கி 90இல் வையுங்கள். கால் ஒட்டாதவர்களுக்கு இதைவிடப் பத்து வீதம் வரை கூட்டிப் பார்க்கலாம். உங்கள் அப்பாவைப் போலக் கால் ஒட்டுகிறவர்களுக்குக் கூட்டவே வேண்டாம். கொஞ்சம் குறைத்து 82, 85இல் வைத்தால் அடி நிதானமாக, நீளமாக விழும். வேகத்தைக் கூட்டினால் அடி குறுகி, உடம்பு முன்னே சாய்ந்து, ஓடுவதுபோல் விழப்பார்ப்பார்.

மெட்ரோனோம் சலித்துவிடும், பாட்டுத்தான் வேண்டும் என்பார். சரி, பாட்டோடு சேர்ந்து கை தட்டி எண்ணி, அதே கணக்குக்கு வருவதைத் தேர்ந்தெடுங்கள். ஆலாபனையோடு தொடங்குகிற, நடுவில் தாளம் நின்று போகிற சினிமாப் பாட்டு உதவாது. தாளம் நின்ற இடத்தில் காலும் நின்றுவிடும். தப்பு அருமையான வாத்தியம். ஆனால் நம் ஆட்கள் அடிக்கத் தொடங்கினால் உற்சாகத்தில் வேகம் ஏறிக்கொண்டே போகும், காமன் கூத்தில் பார்த்திருப்பீர்கள். அப்பாவின் நடைக்கு அடிக்கிறவர் போன் மெட்ரோனோமைக் காதில் வைத்துக்கொண்டு அடிக்கட்டும்.

வாசல்தான் உங்களுக்குப் பெரிய தலைவலி. அங்கே கால் ஒட்டினால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். கால் அங்கேயே இருக்க, உடம்பு மட்டும் முன்னே வந்து விழுவார். "நில்லுங்க அப்பா" என்று சொல்லி, நின்ற இடத்திலேயே பாரத்தை இடக்கால், வலக்கால் என மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் "ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு" என்று அவர் வேகத்தில் எண்ணி, நாலாவது எண்ணில் ஒரு பெரிய அடி. வாசலுக்கு முன்னும் பின்னும் தரையில் குறுக்காக வெள்ளை டேப்பை அவர் ஓர் எட்டு வைக்கும் தூரம் விட்டு விட்டு ஒட்டினால், கோட்டைத் தாண்டுவதாக நினைத்து அடி வைப்பார். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல் அகலமாக வளைந்து வரட்டும்.

படியிலும் இறக்கத்திலும் பாட்டு வேண்டாம். நம் தோட்டத்துப் படிகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. தாளத்தைப் பார்ப்பதா, படியைப் பார்ப்பதா என்று குழம்புவார். அங்கே கைபிடி, அல்லது ஒரு படி கீழே பக்கவாட்டில் ஓர் ஆள், அவ்வளவுதான். பேச்சும் கொடுக்காதீர்கள். காதில் இயர்போன் போட்டுக்கொண்டு ரோட்டில் நடப்பது கூடவே கூடாது, வளைவில் பஸ் வருவது தெரியாது. தாள நடைக்குக் கோயில் முற்றமோ தோட்டத்துப் பாடசாலை மைதானமோ போதும். மழை நாளில் இஸ்தோப்பில் கதிரையைப் போட்டுத் தாளத்தோடு உட்கார்ந்து எழும்பலாம், கையைப் பெரிதாக வீசலாம். கிழமைக்கு மொத்தம் 150 நிமிடம் உடற்பயிற்சி என்பதுதான் பொதுவான பரிந்துரை; பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துச் செய்தாலும் கணக்குத்தான்.

விடியற்காலையில், குளிரில், மாத்திரை போடாமல் நடக்க விடாதீர்கள். இரவு மாத்திரையின் வேலை அப்போது முடிந்திருக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மாத்திரை, அது வேலை செய்யத் தொடங்கியதும் (பலருக்கு ஒரு மணி நேரத்துக்குள்) நடை. பருப்பு, முட்டை, பால் மாவு எல்லாம் புரதச் சாப்பாடு, உடம்பில் சேர்வதில் மாத்திரையோடு போட்டி போடும், பிளேன்டி பரவாயில்லை. எழும்பியதும் தலை சுற்றினால் அன்றைக்கு நடை இல்லை, பிரஷரைப் பாருங்கள்.

பஜனைக்குப் போவதை நிறுத்தாதீர்கள். வாய்விட்டுப் பாடுவது, குரல் தேய்ந்து வருகிறவருக்கு நல்ல பயிற்சி.

கால் எந்த நேரத்தில் ஒட்டுகிறது, கடைசி மாத்திரை எப்போது போட்டார் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். விழுந்திருந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் அதைக் காட்டினால் மாத்திரை நேரத்தை மாற்ற அவருக்கு வசதி. அங்கேயே பிசியோதெரபிஸ்டிடமும் ஒருமுறை நடந்து காட்டச் சொல்லுங்கள்.