பெரிய ஹார்ட் டிஸ்க், பழைய ஹார்ட் டிஸ்க்: கேட்டவர்களுக்கு மொத்தமாக ஒரு பதில்

பழைய வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு போட்டோகிராபருக்கு 12 டிபி ரீஃபர்பிஷ்டு டிஸ்க் இரண்டு வாங்கிக் கொடுத்தேன். அது எப்படியோ பரவி, பெரம்பூரிலிருந்து எண்ணூர் வரை ஆளாளுக்குக் கேள்வி. தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. கேட்டது எல்லாவற்றையும் இங்கே சேர்த்துப் போடுகிறேன்.

பெரம்பூர், கல்யாண வீடியோ எடுப்பவர்: அண்ணே, நாலு வருஷ வீடியோ சேர்ந்துபோச்சு. புது 12 டிபி கட்டுப்படியாகல. ரீஃபர்பிஷ்டு 13,500 சொல்றாங்க. அதுல என்னத்த ரிப்பேர் பண்ணியிருப்பாங்க?

ஒன்றுமே பண்ணியிருக்க மாட்டார்கள். ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பழுது பார்த்து விற்கும் வேலை நம் ஊர்க் கடைகளில் கிடையாது. டேட்டா சென்டர்களில் 5 வருட வாரன்டி முடிகிற சமயத்தில் டிஸ்க்குகளைக் கூட்டமாகக் கழற்றிவிடுவார்கள். அதை எடை போடாத குறையாக வாங்கி, டேட்டாவை அழித்து, ஓட்டிப் பார்த்து, துடைத்து விற்பதற்குத்தான் அந்தப் பெயர். தயாரித்த கம்பெனியே திரும்ப வாங்கிச் சோதித்து விற்பது வேறு ரகம். லேபிளிலேயே ரீசர்ட்டிஃபைடு என்று அச்சிட்டிருக்கும், விலையும் கொஞ்சம் கூடும்.

விலையை எப்போதும் டிபி கணக்கில் பாருங்கள். 13,500-ஐ 12-ஆல் வகுத்தால் டிபிக்கு 1,125. அதே அளவு புது டிஸ்க்கின் இன்றைய விலையையும் வகுத்துப் பாருங்கள். புதுசில் பாதிக்கு மேல் போனால் நான் கை வைக்க மாட்டேன். அதைவிட முக்கியம் ரிட்டர்ன் எத்தனை நாள் என்பது. 12 டிபியை முழுசாக ஒருமுறை எழுதிப் பார்க்கவே கிட்டத்தட்ட 17 மணி நேரம் ஆகும், அதைத் திரும்பப் படித்துப் பார்க்க இன்னொரு 17. 'கடையிலேயே செக் பண்ணிக்கோங்க, அப்புறம் பொறுப்பில்லை' என்பவரிடம் என்ன விலைக்கும் வாங்காதீர்கள். பில்லில் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. வாங்கினால் இரண்டாக வாங்கி, இரண்டிலும் ஒரே வீடியோவைப் போடுங்கள். டிஸ்க் போனால் வேறு வாங்கலாம். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு 'இன்னொரு தடவை தாலி கட்டுப்பா' என்று சொல்ல முடியாது.

திருவொற்றியூர், காலேஜ் தம்பி: ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒருத்தர் 38,000 மணி நேரம் ஓடின டிஸ்க் காட்டினார். இன்னொருத்தர் 0 மணி நேரம்னு காட்டினார். விலை ஒண்ணுதான். 0-வைத்தானே வாங்கணும்?

நான் 38,000-ஐ எடுப்பேன் தம்பி.

வருடத்துக்கு 8,760 மணி நேரம். 38,000 என்றால் நாலேகால் வருடத்துக்குச் சற்று மேல் நிற்காமல் ஓடியிருக்கிறது. டேட்டா சென்டரில் ஏசியில், சீரான கரண்டில் ஓடிய டிஸ்க்குக்கு அது நியாயமான வயசு, அதை மறைக்காமலும் சொல்கிறார். கம்பெனியே சோதித்து விற்கும் ரீசர்ட்டிஃபைடு அல்லாத பழைய டிஸ்க்கில் 0 என்று இருந்தால் யாரோ மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். செகண்ட்ஸ் பைக்கில் செய்வதுதான், இங்கேயும் செய்கிறார்கள். உண்மையில் எவ்வளவு ஓடியது என்று உனக்குத் தெரிய வழியே இல்லை.

நானே ஏமாந்திருக்கிறேன். இரண்டு வருடம் முன் ஒருவரிடம் 'பாக்ஸ் பிரிக்காத ஸ்டாக்' என்று சீகேட் கம்பெனியின் சர்வர் ரகமான எக்ஸோஸ் டிஸ்க் இரண்டு வாங்கினேன். சாஃப்ட்வேரில் 3 மணி நேரம் என்று காட்டியது. வீட்டில் டியூப்லைட் கீழே வைத்துத் திருப்பிப் பார்த்தால், பக்கவாட்டு ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுற்றிப் பெயின்ட் வட்டமாகத் தேய்ந்திருக்கிறது. கனெக்டரில் தங்க நிறப் பட்டைகள் ஒவ்வொன்றிலும் நடுவில் மெல்லிய கோடு. பலமுறை சொருகி எடுத்தால்தான் அந்தக் கோடு விழும். புது டிஸ்க்குக்கு ஸ்க்ரூ தழும்பு எப்படி வரும்?

சீகேட்டில் ஒரு வசதி உண்டு. டிஸ்க் தன் ஆரோக்கியத்தைத் தானே குறித்து வைக்கும் சாதாரண ஸ்மார்ட் கணக்கு போக, ஃபார்ம் என்று தனியாக இன்னொரு பதிவேடும் டிஸ்க்குக்குள் இருக்கும். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரில் 7.4 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு அதைப் படிக்கும். என் டிஸ்க்கில் அங்கே 29,000 சொச்சம் இருந்தது. 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் புதுசு என்று விற்ற எக்ஸோஸ் டிஸ்க்குகள் கூட்டமாக மாட்டியதும் இப்படித்தான். ஸ்மார்ட்டில் பூஜ்யம், ஃபார்மில் 15,000 முதல் 50,000 மணி. 2021-இல் சியா காயின் (டிஸ்க்கில் காலி இடத்தை வைத்து ஈட்டும் கிரிப்டோ காசு) மோகத்தில் வாங்கிக் குவித்த டிஸ்க்குகள் அவை என்று அப்போது பேச்சு. இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் வாங்கு, ஒத்துப்போகாவிட்டால் வைத்துவிட்டு வா.

ரிச்சி ஸ்ட்ரீட் போவதானால் லேப்டாப்பும், டிஸ்க்கைச் சொருகி யுஎஸ்பியில் இணைக்கும் டாக்கும் கையோடு கொண்டு போ. மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

கொருக்குப்பேட்டை: ஸ்மார்ட் கணக்கைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேரில் நீலமாக 'குட்' காட்டினால் போதுமா சார்? 01-ல பெரிய்ய நம்பர் வருது, பயமா இருக்கு.

சீகேட்டில் 01, 07 இரண்டிலும் பெரிய நம்பர்தான் வரும். படித்த, தேடிய மொத்தக் கணக்கையும் அதிலேயே சேர்த்து வைப்பதால் அப்படி, பயப்படாதீர்கள். பார்க்க வேண்டியது 05, சி5, சி6 என்ற வரிகள், கெட்டுப்போன அல்லது சந்தேகமான இடங்களின் கணக்கு அவை. ரீஃபர்பிஷ்டு டிஸ்க்கில் இவை மூன்றும் சுத்தமாகப் பூஜ்யம் இருக்க வேண்டும். 'பத்துதான் இருக்கு, பரவாயில்லை' என்பவரிடம் வாதாடாமல் கிளம்புங்கள். அந்தப் பத்தே பதினாறாக இருக்கலாம். அந்த சாஃப்ட்வேர் சாதாரணமாக ஹெக்ஸ் கணக்கில் காட்டும், அதில் 10 என்றால் நம் 16. செட்டிங்கில் டெசிமலுக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். சி7 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள் குற்றம். முழு ஸ்கேன் ஓட்டி முடித்த பிறகு இதே வரிகளை இன்னொரு முறை பார்க்க மறக்காதீர்கள்.

தண்டையார்பேட்டை: அண்ணா, யுஎஸ்பி டாக்ல போட்டா ஓடுது. சிபியுல போட்டா சுத்தவே மாட்டேங்குது. திருப்பிக் கொடுத்துடவா?

கொடுக்காதே, டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். சர்வர் டிஸ்க் சிலவற்றில் பவர் கனெக்டரின் மூன்றாவது பின்னுக்குக் கரண்ட் வந்தால் டிஸ்க் நின்றுவிடும்படி வைத்திருக்கிறார்கள், தூரத்திலிருந்தே அணைத்து ஏற்ற வசதியாக. வீட்டுக் கம்ப்யூட்டரின் பவர் பெட்டியான எஸ்எம்பிஎஸ் அந்தப் பின்னுக்கு எப்போதும் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். டாக் பெரும்பாலும் கொடுக்காது. அதனால்தான் அங்கே ஓடுகிறது.

மொபைல் சர்வீஸ் கடையில் பழுப்பாகப் பளபளக்கும் கேப்டான் டேப் இருக்கும். விரற்கடை அளவு கேட்டு வாங்கு. டேட்டா கேபிள் மாட்டும் பக்கத்திலிருந்து எண்ணினால் பவர் பட்டைகளில் மூன்றாவது. முதல் மூன்றையும் சேர்த்தே மூடலாம், நாலாவதைத் தொடாதே. பிளேடால் மெல்லிசாக வெட்டி, ஊசி முனையால் அழுத்தி ஒட்டு. செல்லோ டேப் வேண்டாம், சூட்டில் நகர்ந்துவிடும். டேப்புக்குப் பதில் மோலெக்ஸ் கன்வர்ட்டர் போடுவோரும் உண்டு. மலிவாக மொழுக்கென்று வார்த்த கன்வர்ட்டர்கள் உள்ளே ஷார்ட் ஆகிக் கருகும். நான் டேப் கட்சி.

வியாசர்பாடி: பாதி விலைக்கு சாஸ் டிஸ்க் கிடைக்குது, வாங்கலாமா?

சாஸ் என்பது சர்வர்களுக்கான இணைப்பு ரகம். சாதாரண மதர்போர்டில் மாட்டவே முடியாது, தனிக் கார்டு வேண்டும். நம் வீட்டுக் கம்ப்யூட்டர் டிஸ்க்கின் ரகமான சாட்டாவில் டேட்டா பட்டைக்கும் பவர் பட்டைக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். சாஸில் அந்த இடைவெளியை அடைத்திருப்பார்கள். கடையில் கண்ணால் பார்த்தே ஒதுக்கலாம்.

ராயபுரம்: ஆன்லைன்ல 16 டிபி, 1,499 ரூபாய்...

அது ஹார்ட் டிஸ்க்கே இல்லை. பிரித்தால் க்ளூ கன்னால் ஒட்டிய மெமரி கார்டு ஒன்று இருக்கும். 16 டிபி என்று பொய் சொல்லும். இடம் நிரம்பியதும் பழைய ஃபைல் மேலேயே எழுதும்.

காசிமேடு: எங்க வீட்டுல ஃபேன் பிளேடே துருப்பிடிக்குது. இந்த டிஸ்க்கெல்லாம் தாங்குமா?

நல்ல கேள்வி. 12 டிபிக்கு மேல் பெரும்பாலும் உள்ளே ஹீலியம் அடைத்து சீல் வைத்தவை, காற்று போக வழியில்லை. சின்ன டிஸ்க்குகளில் மூச்சு ஓட்டை உண்டு, 'மூடாதே' என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். ஆக, பெரிய டிஸ்க்கின் வயிற்றுக்குள் உப்புக் காற்று போகாது. அடியில் இருக்கும் போர்டும் கனெக்டரும்தான் வெளியே கிடக்கின்றன. உங்கள் பக்கத்திலிருந்து வரும் டிஸ்க்குகளில் போர்டைக் கழற்றினால் காண்டாக்ட் எல்லாம் கறுத்திருக்கும். ரப்பரால் மெதுவாகத் தேய்த்தாலே சில டிஸ்க் உயிர் பிழைத்திருக்கிறது. காப்பி எடுத்து வைக்கும் டிஸ்க்கை, எடுத்த வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல், எச்ஜிஎஸ்டி ஹீலியம் டிஸ்க் வாங்கினால் ஸ்மார்ட்டில் 22 என்ற எண்ணுள்ள வரியில் 100 இருக்கிறதா பாருங்கள். ஹெக்ஸில் அந்த வரி எண் 16 என்று வரும். 100-க்குக் கீழே இருந்தால் வாயு கசிகிறது.

அப்புறம், சிபியுவைத் தரையில் வைக்காதீர்கள். 2023 மிக்ஜாம் புயலுக்கு அடுத்த வாரம் என் கடையில் நின்ற வரிசை இன்னும் கண்ணில் இருக்கிறது. பாதிப் பேர் நனைந்த டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுத்துப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

மூலக்கொத்தளம், மளிகைக் கடை: சிசிடிவிக்கு ரீஃபர்பிஷ்டு போடலாமா?

தாராளமாக. பதிந்ததை அதுவே அழித்து அதன் மேலேயே எழுதும் இடம், போனாலும் பெரிய நஷ்டமில்லை. உங்கள் டிவிஆர் அதிகபட்சம் எத்தனை டிபி ஏற்கும் என்று மட்டும் பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய பெட்டிகள் 6 டிபியோடு நிற்கும்.

கொளத்தூர்: சார், வாங்கின 14 டிபி நல்லா ஓடுது. ஆனா ராத்திரி அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை 'டொக்'னு சத்தம். எங்கம்மா பல்லி சொல்லுதுன்னு திசை பாத்துக்கிட்டிருக்காங்க.

வெஸ்டர்ன் டிஜிட்டல் ஹீலியம் டிஸ்க்தானே? அம்மாவிடம் சகுனம் நல்லதுதான் என்று சொல்லிவிடுங்கள். சும்மா இருக்கும்போது ஹெட் (படிக்கும், எழுதும் முனை) ஒரே இடத்தில் நிற்காமல் இருக்க, அதுவே ஐந்து செகண்டுக்கு ஒருமுறை நகர்த்திக்கொள்ளும். இது அந்த ஜாதி டிஸ்க்கின் பழக்கம். போட்டவுடன் 'டக் டக் டக்' என்று வரிசையாக அடித்து, விண்டோஸிலும் தெரியாமல் போனால்தான் கவலைப்பட வேண்டும். டேபிளோடு சேர்ந்து அதிர்கிறதா என்று கை வைத்துப் பாருங்கள். அதிர்ந்தால் பழைய மவுஸ் பேடை இரண்டாக மடித்து அடியில் வையுங்கள், பாதிச் சத்தம் போய்விடும்.