முக்கிய எண்ணுருக்கள்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: சார், 0.00520 கி.கி. என்பதில் முக்கிய எண்ணுருக்கள் எத்தனை? ஐந்து என்று எழுதினேன், தப்பு என்கிறார்கள்.

பதில்: முக்கிய எண்ணுருக்கள் என்பவை அளவீட்டில் உறுதியாகத் தெரிந்த இலக்கங்களும், சந்தேகத்துக்குரிய கடைசி இலக்கமும். இங்கே மூன்றுதான்: 5, 2, கடைசிச் சுழி. முன்னால் இருக்கும் சுழிகள் அலகால் வந்தவை. 5.20 கிராம் என்று மாற்றி எழுதுங்கள், அவை போய்விடும். கடைசிச் சுழி தராசு காட்டியது, அதை விட்டுவிடக் கூடாது.

கேள்வி: 1500 மீட்டருக்கு இரண்டா, நான்கா?

பதில்: வெறும் 1500 என்றால் இரண்டு. அளவீட்டில் வந்து அலகோடு நின்றால் நான்கு என்று தமிழ்நாட்டு பிளஸ் ஒன் இயற்பியல் பாடநூல் சொல்கிறது. தேர்வில் அப்படியே எழுதுங்கள். ஆய்வகத்தில் 1.5 × 10³ அல்லது 1.500 × 10³ என்று எழுதிவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது.

கேள்வி: திருகு அளவியில் கம்பியின் விட்டம் 0.59 மி.மீ. வந்தது. குறுக்குவெட்டுப் பரப்புக்கு கால்குலேட்டர் 0.273397 காட்டுகிறது. எத்தனை இலக்கம் எழுதுவது?

பதில்: 0.27 மி.மீ². திருகு அளவியின் மீச்சிற்றளவு (அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.01 மி.மீ. என்பதால் 59-இல் 1 சந்தேகம், அதாவது ஏறக்குறைய 1.7 சதவீதம். விட்டத்தை வர்க்கப்படுத்தும்போது அது இரட்டிப்பாகி 3.4 சதவீதம் ஆகும். 0.27-இல் அது 0.009. இரண்டாம் தசம இடமே ஆடும்போது, அதற்கு அடுத்த 3, 3, 9, 7 எதற்கு? பரப்பின் சூத்திரத்தில் (π × விட்டம்² ÷ 4) உள்ள π-யும் 4-உம் அளந்து வந்தவை அல்ல, அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஆனால் தன்மின்தடை (மின்தடை × பரப்பு ÷ நீளம்) காணப்போகிறீர்கள் என்றால் இந்த 0.27-ஐ அடுத்த படிக்குக் கொண்டு போகாதீர்கள். மின்தடை 2.0 ஓம், நீளம் 1.00 மீ என்று வையுங்கள். 0.27-ஐப் போட்டால் 5.4 × 10⁻⁷ ஓம் மீட்டர். கால்குலேட்டரில் இருந்த முழு எண்ணைப் போட்டால் 5.5 × 10⁻⁷. இடையில் முழுதாக வைத்திருங்கள், விடையில் மட்டும் முழுமைப்படுத்துங்கள். ரெக்கார்ட் நோட்டில் விடை ஒத்துப்போகாததற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

கேள்வி: கழித்தலிலும் குறைந்த முக்கிய எண்ணுருக்கள் கொண்டதைத்தான் பார்க்க வேண்டுமா?

பதில்: இல்லை, அது பெருக்கல், வகுத்தலுக்கு. கூட்டல், கழித்தலில் தசம இடங்களைப் பாருங்கள். உப்போடு கிண்ணம் 25.4187 கிராம், வெறும் கிண்ணம் 25.1032 கிராம். உப்பு 0.3155 கிராம். ஆறு இலக்கத்தில் தொடங்கி நான்கில் முடிகிறது. சிறிதளவு உப்பை கனமான பாத்திரத்தில் எடை போட்டால் இந்த இழப்பு இன்னும் அதிகமாகும்.

கேள்வி: ஹைட்ரஜன் அயனிச் செறிவு 1.8 × 10⁻⁵ என்றால் pH 4.7 போதுமா?

பதில்: 4.74 என்று எழுத வேண்டும். pH என்பது செறிவின் மடக்கை (log), குறி மாற்றியது. அதில் முன்னால் உள்ள 4 பத்தின் அடுக்கிலிருந்து வந்தது, கணக்கில் சேராது. 1.8-இன் இரண்டு எண்ணுருக்களுக்கு ஈடாகப் புள்ளிக்குப் பின் இரண்டு இடம்.

கேள்வி: பியூரெட் அளவு சரியாக 18-இல் நின்றது. 18 என்றே எழுதலாமா?

பதில்: கூடாது. பியூரெட்டில் 0.1 மி.லி. கோடுகள் உண்டு, அதனால் குறைந்தது 18.0. கோடுகளுக்கு இடையிலும் கணித்துப் படிப்பவர் 18.00 என்று எழுதலாம். ஆனால் அப்படி எழுதினால் அட்டவணையில் எல்லா அளவும் அதே இரண்டு தசம இடத்தில் இருக்க வேண்டும்.