பழைய ராக் குழுவின் புது ஆல்பம் பற்றி ரசிகர்கள் சொல்லும் ஊகங்களை நம்பலாமா?

எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. குழுவே விட்டுவைத்த தடயம் என்றால் நம்பலாம்.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழு செய்தது எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். 2023 ஆகஸ்டில் லண்டனின் 'ஹாக்னி கெஸட்' பத்திரிகையில், 'ஹாக்னி டயமண்ட்ஸ்' என்ற கண்ணாடி பழுதுபார்க்கும் கடையின் விளம்பரம் வந்தது. அப்படி ஒரு கடையே கிடையாது! வாசகங்களுக்குள் 'கிம்மி ஷெல்டர்', 'ஷாட்டர்ட்' என்று அவர்களுடைய பழைய பாடல் பெயர்கள் ஒளிந்திருந்தன. ஆங்கில 'i' எழுத்தின் புள்ளிக்குப் பதிலாகக் குழுவின் பிரபலமான நாக்குச் சின்னம். ரசிகர்கள் உடனே பிடித்துவிட்டார்கள். செப்டம்பர் 6இல் அறிவிப்பு, அக்டோபர் 20இல் அதே பெயரில் ஆல்பம். 2005க்குப் பிறகு சொந்தப் பாடல்களோடு வந்த முதல் ஆல்பம் அது. 2021இல் மறைந்த டிரம்ஸ் கலைஞர் சார்லி வாட்ஸ் அதில் இரண்டு பாடல்களுக்கு வாசித்திருக்கிறார். காத்திருந்தவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் "ஸ்டூடியோவில் இருக்கிறோம்" என்று உறுப்பினர் ஒருவர் பேட்டியில் சொன்னதை வைத்துத் தேதி குறிக்காதீர்கள். மூத்த குழுக்களுக்குப் பழைய பாடல்களே அரங்கத்தை நிரப்பிவிடும், அவசரம் கிடையாது. டூல் குழு 2006க்கு அப்புறம் அடுத்த ஆல்பத்தை 2019இல்தான் வெளியிட்டது. கன்ஸ் அண்ட் ரோசஸின் 'சைனீஸ் டெமாக்ரசி' பல வருட இழுபறிக்குப் பிறகு 2008இல் வந்தது. முதல் சிங்கிளும் (ஆல்பத்துக்கு முன்னால் தனியாக வரும் பாடல்) வெளியீட்டுத் தேதியும் சேர்ந்து வந்தால், தாராளமாக எதிர்பார்க்கலாம்.