கேமரா வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். மதுரையில் ஒரு நாளிதழில் ஆறு வருடம் நிருபர். நிரந்தரமாகத் தங்கும் அனுமதியான பி.ஆர். கிடைத்து கனடாவில் டொராண்டோ வந்து மூன்று மாதம். ஸ்கார்பரோவில் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறீர்கள். எந்த வேலை விளம்பரத்தைப் பார்த்தாலும் ‘மல்டிமீடியா ஜர்னலிஸ்ட்’ என்றுதான் போட்டிருக்கிறார்கள். கையில் இருக்கும் நாலாயிரம் டாலருக்கு நல்ல கேமரா வாங்குவதா, காலேஜில் சேருவதா, முதலில் எதைக் கற்றுக்கொள்வது? இதுதானே.

கேமரா இப்போதைக்கு வேண்டாம். நான் 2009இல் வந்த புதிதில் அதைத்தான் வாங்கினேன். அதில் நான் எடுத்த படம் எதுவும் எனக்கு வேலை வாங்கித் தரவில்லை.

நம் ஊரில் செய்திக்குப் போனால் கூடவே போட்டோகிராபர் வருவார். டிவி என்றால் கேமராமேன், டிரைவர் என்று ஒரு பட்டாளமே வரும். இங்கே அந்தப் பட்டாளம் நீங்கள் ஒருவர்தான். போக வேண்டும், பேட்டி எடுக்க வேண்டும், விஷுவல் எடுக்க வேண்டும், வெட்டி ஒட்ட வேண்டும், வாய்ஸ் ஓவர் கொடுக்க வேண்டும், இணையத்துக்குத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவும் அன்றைக்கே. எனவே எந்தக் கேமரா வைத்திருக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. முடித்த வேலையைக் காட்டுங்கள் என்கிறார்கள். உங்கள் போன் மூன்று நான்கு வருடம் பழையதாக இருந்தாலும் அதற்குப் போதும்.

காசைச் சத்தத்தில் போடுங்கள். படம் கொஞ்சம் ஆடினால், மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு கேட்கவில்லை என்றால் பத்து வினாடியில் போய்விடுவார். ஒயருள்ள காலர் மைக் ஒன்று, காதை முழுக்க மூடுகிற ஹெட்போன் ஒன்று, காற்றுச் சத்தத்தைத் தடுக்க மைக்குக்கு மாட்டும் ரோமக் குல்லாய் ஒன்று, சின்ன டிரைபாட் ஒன்று. எல்லாம் சேர்த்தாலும் உங்கள் பணத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. ஹெட்போனை மாட்டாமல் பதிவு பட்டனைத் தொடாதீர்கள். நம் காது ஃபிரிட்ஜ் சத்தத்தைத் தானாக ஒதுக்கிவிடும், மைக் ஒதுக்காது.

ஃபிரிட்ஜ் என்றதும் ஒரு கதை. ஒரு குடியிருப்பில் வாடகைப் பிரச்சினை பற்றி ஓர் அம்மாவைப் பேட்டி எடுக்கப் போனேன். சமையலறை மேசையில்தான் உட்கார இடம். ஃபிரிட்ஜ் ‘ம்ம்ம்’ என்று உறுமிக்கொண்டே இருந்தது. அவரிடம் கேட்டு பிளக்கைப் பிடுங்கினேன். அருமையான பேட்டி, அழுதுகொண்டே பேசினார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை போன் வருகிறது: “தம்பி, மீன் குழம்பெல்லாம் போச்சு.” அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் ஒரு வாரம் மனசே சரியில்லை. பிறகு ஒரு பழைய ஒலிப்பதிவாளர் வழி சொல்லிக்கொடுத்தார்: ஃபிரிட்ஜை நிறுத்தினால் உன் கார் சாவியை அதற்குள் வைத்துவிடு. சாவியில்லாமல் எப்படிக் கிளம்புவாய்? இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த அறையின் வெறும் சத்தத்தை முப்பது வினாடி பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் இரண்டு வாக்கியத்தை வெட்டி ஒட்டும்போது நடுவில் விழும் பள்ளத்தை நிரப்ப அது வேண்டும். வெளியே எடுக்கும்போது போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். இல்லையென்றால் முக்கியமான வாக்கியத்தின் நடுவில் அம்மாவிடமிருந்து அழைப்பு வரும்.

மதுரைக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் குளிர். ஜனவரியில் மைனஸ் 18இல் நின்றால் 60 சதவீதம் சார்ஜ் காட்டிய போன் கண்ணெதிரே செத்துப்போகும். லித்தியம் பேட்டரியின் குணம் அது. பவர் பேங்கைக் கோட்டுக்குள், உடம்போடு ஒட்டின பையில் வையுங்கள். வெளியிலிருந்து வெதுவெதுப்பான வீட்டுக்குள் நுழைந்தால் லென்ஸ் முழுக்கப் பனித்துப்போகும். துடைக்கத் துடைக்க மறுபடி பனிக்கும். நுழைவதற்கு முன்பே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள். ஈரம் பைமேல் படியும், லென்ஸ் தப்பிக்கும். கொஞ்சம் சூடேறிய பிறகு வெளியே எடுங்கள். விரல் நுனி மட்டும் திறக்கிற கையுறை ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து கேமரா கொண்டுவந்திருந்தால் இன்னொரு சங்கதி. அது நம் ஊர் வீடியோ முறையான PAL அமைப்பில் இருக்கும், வினாடிக்கு 25 ஃபிரேம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், இங்கே 60. அதை மாற்றாமல் இங்கே கடைக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படம் முழுக்கப் பட்டை பட்டையாக ஓடும். மெனுவில் இந்த ஊர் முறையான NTSC என்று மாற்றி, ஷட்டரை 1/60இல் வையுங்கள். இதை யாரும் சொல்லித்தராததால் ஒரு மளிகைக்கடை முதலாளியின் பேட்டி முழுவதையும் இழந்தேன்.

மென்பொருளைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. வீடியோவை வெட்டி ஒட்ட டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே போதும், ஒலிக்கு ஆடாசிட்டி. வேலைக்குப் போகும் இடத்தில் பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருள் இருந்தால் இரண்டு வாரத்தில் பழகிவிடும். பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் ஆங்கிலத்துக்கு நேரம் மிச்சப்படுத்தும். தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுவதைக் கொடுத்தால் என்னென்னவோ எழுதிவைக்கும், வரிக்கு வரி கேட்டுச் சரிபாருங்கள்.

சட்டத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், கருவியால் வரும் தப்பைவிட இதில் வரும் தப்பு பெரியது. நீங்களும் பேசும் உரையாடலை நீங்கள் பதிவு செய்யலாம், எதிராளியிடம் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. நீங்கள் கலந்துகொள்ளாத தனி உரையாடலை ஒளித்து வைத்துப் பதிவு செய்தால் அது குற்றம். பதிவு செய்வது வேறு, ஒலிபரப்புவது வேறு: வானொலியில் தொலைபேசிப் பேட்டியைப் போடுவதற்கு முன் அவருடைய சம்மதம் வேண்டும். ஒன்டாரியோ நீதிமன்றக் கட்டடத்துக்குள் வழக்குக்கு வருகிறவர்களைப் படமெடுக்கக் கூடாது, நம் ஊர் கோர்ட் வளாகம் மாதிரி நினைத்துவிடாதீர்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் மீது வழக்கு என்றால் பெயரோ, அவரை அடையாளம் காட்டும் எதுவுமோ வெளியிடக் கூடாது. தெருவில் படமெடுக்கலாம். மால் என்பது தனியார் இடம், காவலாளி நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட்டு நடைபாதைக்கு வந்து எடுங்கள். டிரோன் ஆசை இருந்தால், 250 கிராமும் அதற்கு மேலும் உள்ளதற்குப் பதிவும் பைலட் சான்றிதழும் வேண்டும்.

பெயர் விஷயத்தில் நீங்கள்தான் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும். ஆங்கிலச் செய்தியில் இரண்டாவது முறை குறிப்பிடும்போது கடைசிப் பெயரை மட்டும் போடுவார்கள். நம்மவர்களில் பலருக்குக் கடைசிப் பெயர் என்பது அப்பா பெயர். மகள் பேசினதை எல்லாம் அப்பா பேசினதாகப் போட்டுவிடுவார்கள். பேட்டியின் தொடக்கத்திலேயே, கேமரா ஓடும்போதே, “உங்கள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள், செய்தியில் எப்படிக் குறிப்பிடலாம்?” என்று கேட்டுவிடுங்கள். ஸ்பெல்லிங்கும் உச்சரிப்பும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். எழுத்துநடைக்கு இங்கே கனடியன் பிரஸ் கையேடுதான் வேதம். நூலகத்தில் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. இங்கே நீங்கள் சந்திக்கப்போகும் தமிழர் பெரும்பாலோர் ஈழத்தவர். ‘கதைப்பம்’ என்றால் பேசலாம் என்று அர்த்தம், ‘வடிவா’ என்றால் அழகாக, நன்றாக. மதுரைத் தமிழை அவர்கள் மேல் திணிக்காமல் கொஞ்ச நாள் காதைக் கொடுங்கள். இரண்டு தமிழும் தெரிந்து ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த நிருபருக்கு இந்த ஊரில் வேலை இருக்கிறது.

முகநூலை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். ஊர்ப் பத்திரிகைகளின் பக்கங்கள் இங்கே திறப்பதில்லை என்று கவனித்திருப்பீர்கள். செய்திக்குப் பணம் கொடுக்கச் சொல்லி கனடா சட்டம் கொண்டுவந்ததும், மெட்டா 2023 ஆகஸ்டில் கனடாவுக்குள் முகநூல், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் செய்திகளைத் தடுத்துவிட்டது. உங்கள் வேலைகளை வைக்கச் சொந்தமாக ஓர் இணையதளம் போடுங்கள், மின்னஞ்சலில் அனுப்பும் செய்திமடலும் யூடியூபும் பழகுங்கள்.

காலேஜ்? ஆறு வருட அனுபவத்துக்கு மேல் முழுநேரமாக இரண்டு வருடம் படிக்க வேண்டுமா என்பது என் சந்தேகம். அங்கே கிடைப்பதில் பெரிய லாபம் இன்டர்ன்ஷிப்பும் ஆள் பழக்கமும்தான். முதலில் சொந்தமாக மூன்று வேலை முடியுங்கள், அப்புறம் முடிவெடுக்கலாம். ஃப்ரீலான்ஸ் தொடங்கினால் ரசீதை எல்லாம் பத்திரப்படுத்துங்கள். நாலு காலாண்டில் வருமானம் 30,000 டாலரைத் தாண்டினால் இங்கே விற்பனை வரியான எச்.எஸ்.டி.க்குப் பதிய வேண்டும்.

முதல் வேலைக்கு நானே ஒன்று தருகிறேன். உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்கார்பரோ ஆர்.டி. ரயில் 1985இல் ஓடத் தொடங்கியது. 2023 ஜூலை 24 அன்று எல்ஸ்மியர் ஸ்டேஷன் பக்கம் கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டு ஐந்து பேருக்குக் காயம். அந்த நவம்பரில் எப்படியும் நிறுத்துவதாக இருந்த ரயில், அன்றோடு நின்றது. பதிலுக்கு பஸ் விட்டார்கள். யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய நகராட்சியின் திறந்த தரவுத் தளத்தில் டி.டி.சி. (டொராண்டோ போக்குவரத்துக் கழகம்) பஸ் தாமதக் கணக்கு கிடைக்கும்: எந்த ரூட், எந்த நேரம், எந்த இடம், என்ன காரணம், எத்தனை நிமிடம். இறக்கி எக்செலில் போட்டு, ரூட் வாரியாகத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் போட்டுப் பாருங்கள். வரைபடத்துக்கு டேட்டாராப்பர் என்ற இணையக் கருவி. அதில் இல்லாத ஆவணம் வேண்டுமென்றால் தகவல் கேட்கும் சட்டம் இங்கேயும் உண்டு, ஐந்து டாலர் கட்டணம், பதில் சொல்ல அவர்களுக்கு ஒரு கெடுவும் உண்டு. நம் ஊர் ஆர்.டி.ஐ. போட்டிருப்பீர்களே, அதே பழக்கம்தான்.

பிறகு காலை ஆறு மணிக்கு கென்னடி ஸ்டேஷன் போங்கள். வேலைக்குப் போகும் ஒருவரைச் சம்மதத்தோடு கதவிலிருந்து கதவுவரை பின்தொடருங்கள். கையுறை போடும் கை, கடிகாரம் பார்க்கும் முகம், வரிசை, பஸ் கதவு திறக்கிற சத்தம். மூன்று நிமிட வீடியோ, எண்ணூறு வார்த்தைக் கட்டுரை, ஒரே ஒரு வரைபடம். வீடியோவுக்குக் கேப்ஷன் போட மறக்காதீர்கள்.

பிப்ரவரி முடிவதற்குள் அனுப்புங்கள், தம்பி. முதல் தடவை படத்தைப் பார்க்க மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பேன்.