ஐடிலுக்கும் குரூஸிங்குக்கும் எந்த ஜெட்? கார்புரேட்டர் கேள்வி பதில்

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி வந்தபிறகு புது பைக்குகள் பெரும்பாலும் கார்புரேட்டரை விட்டு இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. எனவே வந்த கேள்விகள் எல்லாம் அதற்கு முந்தைய வண்டிகளைப் பற்றியவை. பல கேள்விகளில் ஒரே வரி இருந்தது: "மெயின் ஜெட் மாத்தியும் சரியாகல." அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெட் என்பது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும், சின்னத் துளையுள்ள பித்தளைத் திருகு. ஆக்சிலேட்டரை எட்டில் ஒரு பங்கு திருப்பும் வரை வேலை செய்வது பைலட் ஜெட்டும் (கடையில் ஸ்லோ ஜெட் என்பார்கள்) அதன் ஸ்க்ரூவும். அங்கிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் (ஆக்சிலேட்டரைத் திருப்பினால் ஏறி இறங்கும் பாகம்) அடியில் உள்ள வெட்டு. காலிலிருந்து முக்கால் வரை நீடிலும் (ஸ்லைடில் தொங்கும் ஊசி) அது நுழையும் நீடில் ஜெட்டும். அதற்கு மேல்தான் மெயின் ஜெட். சமதளத்தில் 50, 60-ல் சீராகப் போகும் வண்டி கால் பங்கை ஒட்டித்தான் திறந்திருக்கும். ஐடில் (ஆக்சிலேட்டரை விட்ட நிலை) கோளாறுக்கும் குரூஸிங் (சீரான ஓட்டம்) கோளாறுக்கும் மெயின் ஜெட்டைக் கழற்றுவது வீண்வேலை.

கேள்வி (திண்டுக்கல், ஸ்பிளெண்டர்): அண்ணா, சிக்னல்ல நின்னா ஆஃப் ஆகுது. ஐடில் ஸ்க்ரூவ ஏத்தினா கத்துது. முதல்ல இருந்து எப்படி செட் பண்றது?

பதில்: ஸ்க்ரூவைத் தொடும் முன் ஏர் ஃபில்டர், பிளக் இடைவெளி, டேப்பட் (வால்வு இடைவெளி) மூன்றும் சரியா என்று பாருங்கள் தம்பி. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பும்போது ஐடில் ஏறினால் கோளாறு கேபிளில், கார்புரேட்டரில் இல்லை.

பிறகு வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். குளிர்ந்த எஞ்சினில் வைத்த செட்டிங் சூடானதும் மாறிவிடும். சின்ன ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்று கவனியுங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது ஏர் ஸ்க்ரூ: உள்ளே திருப்பினால் ரிச் (கலவையில் பெட்ரோல் அதிகம்), வெளியே திருப்பினால் லீன் (பெட்ரோல் குறைவு). எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, அப்படியே தலைகீழ். இதைப் பார்க்காமல் திருப்புவதால்தான் பாதிப் பேருக்கு நிலைமை மோசமாகிறது.

ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருப்பி, லேசாக உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். இறுக்கினால் ஊசிமுனை நசுங்கி, அது உட்காரும் துளையும் கெட்டுவிடும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. ஐடிலைச் சற்று ஏற்றி வைத்துக்கொண்டு கால் கால் சுற்றாகத் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் பத்து விநாடி பொறுங்கள், எஞ்சின் உடனே பதில் சொல்லாது. ஆர்பிஎம் எந்த இடத்தில் அதிகமாக ஏறி, சத்தம் சீராக இருக்கிறதோ அதுதான் இடம். ஐடிலை இறக்கிவிட்டு மறுபடி ஒருமுறை தேடுங்கள். கடைசியில் 1400 ஆர்பிஎம் சுற்றி நிறுத்துங்கள், 100 முன்பின் இருக்கலாம்.

கேள்வி (அதே நண்பர்): ஏர் ஃபில்டர் பக்கம்தான் இருக்கு. கிட்டத்தட்ட முழுசா மூடினா தான் நல்லா ஓடுது அண்ணா.

பதில்: பைலட் ஜெட் போதிய பெட்ரோல் விடவில்லை என்று அர்த்தம். ஏர் ஸ்க்ரூ முக்கால் சுற்றுக்குள் நின்றால் ஒரு அளவு பெரிய பைலட் தேவை. இரண்டரையைத் தாண்டினால் சின்னது தேவை. பெட்ரோல் ஸ்க்ரூ உள்ளவர்கள் இதைத் திருப்பிப் படிக்கவும்.

ஆனால் உடனே ஜெட் வாங்காதீர்கள். பைலட் துளை சுமார் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்தான். பெட்ரோல் உலர்ந்து படிந்த பிசின் அதில் ஒரு ஓரத்தை அடைத்தாலே 35 ஜெட் 30 ஆகிவிடும். கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரியவேண்டும். கார்ப் கிளீனரில் ஊறவைத்து காற்றடித்தால் போதும். கம்பியோ குண்டூசியோ விட்டால் பித்தளை சுரண்டப்பட்டு அந்த ஜெட்டின் எண்ணுக்கு மதிப்பே இல்லாமல் போகும். சுத்தம் செய்தும் சரியாகாவிட்டால் கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் (எஞ்சினின் மேல்பகுதி) நடுவிலுள்ள ரப்பர், ஓ-ரிங்கைச் சோதியுங்கள். ஐடிலில் ஓடும்போது அங்கே சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் காற்று அங்கிருந்து திருட்டுத்தனமாக நுழைகிறது.

கேள்வி (சேலம், ஆர்எக்ஸ் 100): ப்ரோ, 55-ல சீரா போனா இழுத்து இழுத்து விடுது. ஃபுல் த்ராட்டில்ல சூப்பரா போகுது. மெக்கானிக் மெயின் ஜெட்ட ஏத்தணும்ங்கறார்.

பதில்: வேண்டாம். முழுத் திறப்பில் நன்றாக ஓடுவதே மெயின் ஜெட் சரியாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி. அதை ஏற்றினால் மேலே புகை தள்ளும், 55-ல் பிரச்சினை அப்படியே இருக்கும்.

கைப்பிடியில் ஒரு டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால் என்று கோடு போடுங்கள். எந்தக் கோட்டில் இழுபறி என்று தெரிந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். வண்டி இல்லாத நேரான சாலையில் 55-ல் பிடித்துக்கொண்டு சோக்கை லேசாக இழுங்கள். இழுபறி நின்று வண்டி தெளிந்தால் லீன். மாறாக மோசமானால் ரிச்சாக இருக்கலாம். அப்போது பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு அதே வேகத்தில் போங்கள். கப்பில் (கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணம்) பெட்ரோல் இறங்க இறங்க ஓட்டம் சுத்தமானால் ரிச் உறுதி. டூ ஸ்ட்ரோக்கில் ரிச்சுக்கு இன்னொரு அடையாளம், ஒன்று விட்டு ஒன்று எரிவது போன்ற குழறல் சத்தம்.

நீங்கள் சொல்வது லீன் போலத்தான் இருக்கிறது. நீடிலில் கிளிப் மாட்டும் காடிகளை மேலிருந்து எண்ணுங்கள். கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் நீடில் மேலே நிற்கும், பெட்ரோல் கூடும். ஒரு நேரத்தில் ஒரே காடி. இதைத் தள்ளிப்போடாதீர்கள்: டூ ஸ்ட்ரோக்கில் லீன் என்றால் பிஸ்டன் சூடேறி சீஸ் ஆகும் (சிலிண்டரில் இறுகி நின்றுவிடும்), அதுவும் நீண்ட நேர சீரான ஓட்டத்தில்தான் ஆகும். ஆயிலைக் கலந்து ஊற்றுபவர்கள் பயத்தில் ஆயிலைக் கூட்டுகிறார்கள். அதனால் அதே ஜெட் வழியே போகும் பெட்ரோலின் பங்கு குறைந்து கலவை இன்னும் லீனாகும்.

இன்னொன்று. இந்த வண்டி 1996-ல் நின்றுபோனது. இத்தனை வருடம் நீடில் மேலும் கீழும் உரசி நீடில் ஜெட்டின் துளை முட்டை வடிவமாகியிருக்கும். அப்படியானால் ரிச் பக்கம் போகும். கிளிப்பை எங்கே வைத்தாலும் மைலேஜ் வராது. நீடிலும் நீடில் ஜெட்டும் ஜோடியாக மாற்றவேண்டும். ஸ்லைடு தேய்ந்து ஆடினால் ஐடில் ஒருநாளும் நிற்காது.

கேள்வி (நாகர்கோவில், புல்லட் 350, பழைய வார்ப்பிரும்பு எஞ்சின்): ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போட்டதிலிருந்து ஆக்சிலேட்டர விட்டா பட்பட்னு வெடிக்குது சார்.

பதில்: முதலில் ஹெட்டில் சைலன்சர் பைப் சேரும் இடத்தில் கசிவு இருக்கிறதா பாருங்கள். வெளிக்காற்று உள்ளே போனாலே வெடிக்கும். கசிவில்லை என்றால் ஆக்சிலேட்டர் மூடிய நிலையில் கலவை லீன். அது பைலட்டின் எல்லை. ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே கொண்டுபோய்ப் பாருங்கள், போதாவிட்டால் பைலட்டை ஒரு அளவு ஏற்றுங்கள். முக்காலுக்கு மேல் திறக்கும்போது இழுவை குறைந்தால் மட்டும் மெயின் ஜெட்டை ஓரளவு ஏற்றலாம்.

ஐடிலை மிகவும் இறக்கி, ஒவ்வொரு அடியையும் எண்ணும்படி ஓட விடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த வேகத்தில் ஆயில் பம்ப் ஹெட்டுக்கு அனுப்பும் ஆயில் மிகக் குறைவு. ராக்கர் (வால்வைத் தள்ளும் பாகம்) தேய்வது அங்கிருந்துதான். 900, 1000 சுற்றி வையுங்கள்.

கேள்வி (மதுரை, பல்சர் 150): நீடில்ல காடியே இல்ல. எப்படி ரிச் பண்றது?

பதில்: அது வேக்குவம் வகை; கேபிள் ஸ்லைடைத் தூக்காது, உறிஞ்சல்தான் டயாஃப்ரம் (மெல்லிய ரப்பர் சவ்வு) வழியாகத் தூக்கும். நீடில் தலைக்கு அடியில் 0.5 மில்லிமீட்டர் வாஷர் ஒன்று போட்டால் நீடில் அந்த அளவு மேலே நிற்கும், பெட்ரோல் கூடும். அதற்கு முன் டயாஃப்ரத்தை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். ஊசித்துளை இருந்தாலும் ஸ்லைடு முழுக்க ஏறாது, வண்டி பாதி வேகத்தில் முனகும்.

கேள்வி (ஈரோடு): மிக்கூனி 100-ம் கெய்ஹின் 100-ம் ஒண்ணா? ஜெட் கிடைக்கலன்னா துளைய பெருசு பண்ணலாமா?

பதில்: ஒன்றல்ல. கெய்ஹின் எண் துளையின் விட்டம்: 100 என்றால் 1.00 மில்லிமீட்டர். மிக்கூனியின் அறுகோண மெயின் ஜெட்டில் உள்ள எண், எவ்வளவு பாய்கிறது என்பதன் அளவு. துளைப்பது கூடாது. துளையின் வாய் வளைவும் பாய்ச்சலைத் தீர்மானிக்கிறது, டிரில் அதை அழித்துவிடும்.

கேள்வி (கோத்தகிரி): ஊட்டி ஏறினா வண்டி சோர்ந்துடுது, புகை நாத்தம் வேற. ஜெட் மாத்தணுமா?

பதில்: ஊட்டி சுமார் 2240 மீட்டர். காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் கலவை பத்து சதவீதத்துக்கு மேல் ரிச் ஆகும். ஒருநாள் போய் வருவதற்கு ஒன்றும் செய்யவேண்டாம், ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே விட்டால் ஐடில் தேறும். மலையிலேயே வாழும் வண்டிக்கு கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றி, மெயின் ஜெட்டை ஓரிரு அளவு குறையுங்கள். சமவெளிக்கு வந்து வெகுதூரம் ஓட்டும் முன் கட்டாயம் திருப்பி வையுங்கள். அந்த செட்டிங் கீழே லீன். இழந்த இழுவையில் பெரும்பங்கு காற்று குறைந்ததால் போனது, ஜெட்டால் அது திரும்பாது.

கேள்வி (தஞ்சாவூர்): 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு ஜெட் மாத்தணுமா சார்?

பதில்: எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்கு அதிகப் பெட்ரோல் வேண்டும். 10 சதவீதக் கலவையிலிருந்து 20-க்குப் போகும்போது சுமார் நான்கு சதவீதம் லீனாகிறது. ஏற்கெனவே சற்று ரிச்சாக இருந்த வண்டிக்குத் தெரியாது. விளிம்பில் இருந்த வண்டிக்குக் காலையில் ஸ்டார்ட்டிங் தகராறு, குரூஸிங்கில் இழுபறி வரும். ஏர் ஸ்க்ரூ அரைச் சுற்று உள்ளே, கிளிப் ஒரு காடி கீழே என்று முடித்துக்கொள்ளலாம். பழைய ரப்பர் பாகங்கள் ஊதிப்போவதுதான் பெரிய கவலை. கப்புக்குப் பெட்ரோல் வரும் வழியை மூடும் ஃப்ளோட் ஊசியின் முனை ஊதினால் கப் நிரம்பி வழியும், எந்த ஜெட்டும் அதைச் சரிசெய்யாது. மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கப்பின் அடி ஸ்க்ரூவைத் திறந்து வடித்துவிடுங்கள்.

கேள்வி (திருச்சி, யூனிகார்ன்): புகைச் சோதனையில கார்பன் மோனாக்சைடு 4.2 வந்து ஃபெயில். மைலேஜும் கம்மி.

பதில்: 2000 மார்ச்சுக்குப் பிறகு வந்த, பாரத் ஸ்டேஜ் 6-க்கு முந்தைய ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு வரம்பு 3.5 சதவீதம். உங்கள் ஐடில் ரிச். ஏர் ஃபில்டர் அடைப்பு, முழுக்கத் திரும்பாத சோக், ஃப்ளோட் மட்டம் மூன்றையும் பார்த்துவிட்டு ஸ்க்ரூவுக்கு வாருங்கள். சூடான எஞ்சினோடு சோதனை மையத்துக்கே போய், அவர்கள் அனுமதித்தால் குழாய் சைலன்சரில் இருக்கும்போதே கால் கால் சுற்றாகத் திருப்புங்கள். திரையில் எண் இறங்குவது தெரியும். 1.5-க்கும் 3-க்கும் நடுவில், ஐடில் குலுங்காத இடத்தில் விடுங்கள். அதற்கும் கீழே இழுத்தால் சோதனையில் பாஸ் ஆகும், சிக்னலில் ஆஃப் ஆகும்.