மாமியார் கும்பிடும் பச்சைக்கல்

கேள்வி: மெக்சிகோ போய் வந்த என் நாத்தனார் உள்ளங்கை அளவுக்கு ஒரு பச்சைக்கல் பொம்மை தந்தார். குண்டுக் குழந்தை முகம், ஆனால் உதடு மட்டும் கீழே வளைந்து உறுமுகிற மாதிரி இருக்கிறது. மாமியார் மரகதம் என்று பூஜை அறையில் வைத்துவிட்டார். இது என்ன சாமி?
– ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: மரகதம் இல்லை. மெக்சிகோவில் வாழ்ந்த ஓல்மெக் மக்கள் சுமார் 3,000 வருஷத்துக்கு முன்னால் ஜேட் என்ற பச்சைக்கல்லில் செதுக்கிய உருவங்களைப் பார்த்துச் செய்த நகல். அந்த உதட்டை வைத்துப் பாதி மனிதன், பாதி ஜாகுவார் (சிறுத்தை மாதிரி ஒரு மிருகம்) என்று ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள்; அப்புறம் வந்த சிலர் மழைத் தெய்வம், மக்காச்சோளத் தெய்வம் என்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி. பல உருவங்களின் உச்சந்தலையில் ஒரு பிளவு இருக்கும், சிலவற்றில் மண்ணைப் பிளந்து வருகிற குருத்து மாதிரி அதிலிருந்து முளையே கிளம்பும். உங்கள் பொம்மையின் தலையைத் தடவிப் பாருங்களேன்.

மாமியாரைக் குறை சொல்லாதீர்கள். 1965-ல் வெராக்ரூஸ் மாநிலத்து லாஸ் லிமாஸ் கிராமத்தில் இரண்டு பிள்ளைகள் கொட்டை உடைக்க ஒரு கல்லைத் தேடினார்கள், கிடைத்த கல்லைத் தோண்டினால் 55 செ.மீ. உயரத்துக்குச் சம்மணமிட்ட ஆள், கையில் ஜாகுவார் முகக் குழந்தை! அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மாதா என்று பீடத்தில் வைத்துக் கும்பிட்டார்கள். பிறகு ஹலாப்பா அருங்காட்சியகத்துக்குப் போய், 1970-ல் திருடு போய், கடைசியில் டெக்சாஸில் ஒரு மோட்டல் அறையில் கிடைத்தது.

சரி, ஒரு எச்சரிக்கை. ‘மெக்சிகோ ஜேட்’ என்று விற்பது பெரும்பாலும் சாயம் ஏற்றிய கால்சைட் என்ற மிருதுவான கல். கத்தி முனையால் அடியில் லேசாகக் கீறுங்கள், கோடு விழுந்தால் அதுதான். எலுமிச்சைச் சாறு அபிஷேகம் வேண்டாம், பளபளப்பு போய்விடும்.

கேள்வி: தங்கத்தைவிட ஜேட் கல் அந்தக் கால மெக்சிகோ பக்கத்து மக்களுக்கு ஏன் உசத்தி?
– ஒரு வாசகர், மயிலாப்பூர்

பதில்: பச்சை என்றால் அவர்களுக்குத் தண்ணீர், மக்காச்சோளப் பயிர், உயிர். நம் வீடுகளில் வாய்க்கரிசி போடுகிறோம் இல்லையா, மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்து மாயா மக்கள் இறந்தவர் வாயில் அரைத்த மக்காச்சோளத்தையும் காசாகப் புழங்கிய கற்களையும் வைத்ததாக 16-ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவின் யுகாத்தான் பகுதியில் இருந்த பாதிரியார் டியேகோ தெ லாண்டா எழுதியிருக்கிறார். 683-ல் இறந்த, பாலெங்கே என்ற மாயா நகரத்து அரசர் பக்காலின் கல்லறையை 1952-ல் திறந்தபோது முகத்தில் ஜேட் முகமூடி, வாயில் ஒரு ஜேட் மணி. அந்த மணிதான் அவர்களுக்கு உயிர்மூச்சின் அடையாளம். இத்தனைக்கும் அவர்களிடம் இரும்புக் கருவி கிடையாது. குவாத்தமாலாவின் மோட்டாகுவா பள்ளத்தாக்கில் கிடைத்த கல்லைக் கயிறு, மணல், தண்ணீர் வைத்துத் தேய்த்தே அறுத்தார்கள்.

கேள்வி: ஜேட் கட்டிக்கொண்டால் கிட்னிக் கல் கரையுமாமே?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: ஸ்பானியர்களும் அப்படித்தான் நம்பி ‘விலாக் கல்’ என்று பேர் வைத்தார்கள், ஜேட் என்ற சொல்லே அதிலிருந்து வந்தது. நீங்கள் டாக்டரைப் பாருங்கள்.