காது அறுவை சிகிச்சை முடிந்த அன்றே வீடு திரும்பலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 54. செவிப்பறையில் பல ஆண்டுகளாக ஓட்டை இருப்பதால், சளி பிடிக்கும்போதெல்லாம் காதில் சீழ் வடிகிறது. அதை அடைக்கும் அறுவை சிகிச்சைக்குக் காலையில் வந்தால் மாலையிலேயே திரும்பிவிடலாம் என்கிறார் மருத்துவர். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையால் கட்டுக்குள் இருக்கிறது. மருத்துவமனை தஞ்சாவூரில், எங்கள் ஊருக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரம். ஓரிரவுகூடத் தங்காமல் வருவது பாதுகாப்பானதா?
– திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு வாசகி

பதில்: அறுவை சிகிச்சையைப் பொறுத்தவரை நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. காதுக்கு மேலுள்ள தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்து ஒரு துண்டை எடுத்து, நுண்ணோக்கியின் உதவியோடு ஓட்டையில் ஒட்டுகிறார்கள். பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும், இரத்தப்போக்கும் குறைவு. ஒட்டு முழுமையாகப் பிடிக்கச் சில வாரங்கள் ஆகும் என்பதால், முதல் இரவை மருத்துவமனைக் கட்டிலில் கழிப்பதால் அது கூடுதலாகப் பிடித்துவிடப் போவதில்லை.

அன்றிரவு தொல்லை தரக்கூடியவை வாந்தியும் தலைச்சுற்றலும்தான். உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பு உட்காதிலேயே இருப்பதால், காது அறுவைக்குப் பின் குமட்டல் வருவது சகஜம். அன்றே அனுப்ப நினைத்தவர்களை இரவு தங்கவைப்பதும் பல நேரங்களில் இதனால்தான். பேருந்தில் போனாலே அம்மாவுக்கு வாந்தி வருமென்றால், அதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்கேற்ற மருந்தை அவர் அறுவையின்போதே கொடுத்துவிடுவார். சர்க்கரை நோயாளி சாப்பிட முடியாமல் வாந்தி எடுத்துக்கொண்டே வழக்கமான மாத்திரையையும் விழுங்கினால் சர்க்கரை அளவு தாழ்ந்துபோகக்கூடும். ஆகவே அன்று காலையிலும் இரவிலும் எந்த மாத்திரையை எடுப்பது, எதை நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னைக் கவலைப்படுத்துவது அந்த இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம்தான். தலை சுற்றும் நிலையில் அவரைப் பேருந்தில் அழைத்துச் செல்ல வேண்டாம். தஞ்சாவூரிலேயே உறவினர் வீட்டிலோ விடுதியிலோ அன்றிரவு தங்குங்கள். துணைக்கு ஒருவர் கட்டாயம் உடனிருக்க வேண்டும். அதற்கு வழியில்லையென்றால் ஓரிரவு படுக்கை தரும்படி தயங்காமல் கேளுங்கள். செவிப்பறையோடு காதின் பின்புற எலும்பையும் குடைய வேண்டியிருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அப்படியானால் மருத்துவரே தங்கச் சொல்லக்கூடும்.

புறப்படும் முன் கண்ணை இறுக மூடவும் சிரிக்கவும் சொல்லி முகநரம்பைச் சோதிப்பார்கள். மரத்துப்போகும் ஊசியால் முகம் சில மணி நேரம் தளர்ந்திருப்பதுண்டு. ஆனால் வீடு சேர்ந்தபின் புதிதாக முகம் கோணினாலோ, கட்டு நனையுமளவு இரத்தம் கசிந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மூக்கை அழுத்திச் சிந்தாமல், தும்மல் வந்தால் வாயைத் திறந்தபடி தும்மச் சொல்லுங்கள். இரவிலும் எடுத்துப் பேசுகிற ஒரு தொலைபேசி எண்ணை வாங்காமல் மருத்துவமனையை விட்டுக் கிளம்பாதீர்கள்.